அரை அங்குலப் பள்ளம்

"அந்த ஜன்னலோரப் பள்ளத்தை மட்டும் தொடாதீங்கண்ணே."

கடல் தாண்டி வேலை பார்ப்பவன், போனுக்குள்ளிருந்து சொன்னான். போனை அவன் மனைவி ஜன்னலுக்குக் கீழே, தரையோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். தினமும் பேசும்போது அங்கேதான் வைக்க வேண்டும் என்பது அவன் கட்டளை.

மேஸ்திரி மட்டப்பலகையைக் கிடத்திக் காட்டினார். பலகைக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி.

"பாருங்க தம்பி. மேடெல்லாம் தேய்ச்சாச்சு. கலவையை ஊத்திப் பள்ளத்தையும் மட்டம் பண்ணாத்தான் மேல பதிக்கற வினைல் பலகை உட்காரும். இல்லைன்னா நடக்க நடக்க ஆடும். ஆறே மாசத்துல இணைப்பு விட்டு வாயைப் பிளக்கும்."

"பிளக்கட்டும்."

மேஸ்திரி போட்ட தரையில் இதுவரை ஒரு பலகை வாயைப் பிளந்ததில்லை. அவருக்குச் சுருக்கென்றது.

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்கறாரேம்மா?"

"எனக்கும் புரியலண்ணே. இவர் போய் மூணு வருஷமாச்சு. இந்த வீட்டுக்குள்ள கால் வச்சதே இல்ல. பள்ளத்து மேல அப்படி என்ன பாசமோ."

"நான் வந்ததும் நானே நிரப்பிடறேன்," என்றான் அவன்.

"எப்ப வருவீங்க?"

கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள்.

"ஊத்துங்கண்ணே. வீட்டுல இருக்கறது நான்தானே."

மேஸ்திரி கலவை வாளியைத் தூக்கினார்.

உள்ளறையில் தூங்கி எழுந்த மகள், கையில் பந்தோடு வந்து நின்றாள். இரண்டரை வயது.

"செல்லம், அப்பா பாரு. இங்க வா," என்றது போன்.

அவள் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறந்ததிலிருந்தே போனுக்குள் குடியிருக்கும் அந்த ஆளிடம் அவளுக்கு ஏனோ கூச்சம்.

பந்து கை நழுவியது. சரிவில் மெல்ல உருண்டு, ஜன்னலோரப் பள்ளத்தில், போனை ஒட்டி நின்றது. அவள் ஓடிப்போய் மண்டியிட்டுக் குனிந்தாள். திரைக்கும் அவள் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. திரையில் அவன் கண் கொட்டாமல் அவளையே பார்த்தான். பந்தை அணைத்துக்கொண்டு அவள் திரும்பி ஓடினாள்.

மேஸ்திரி வாளியைக் கீழே வைத்தார்.

"கூப்பிட்டா வர மாட்டாண்ணே," என்றான் அவன். "பந்தை எடுக்கத்தான் இவ்வளவு கிட்ட வருவா."