கரடியின் ஓட்டு

காட்டுக் கூடைப்பந்து அணியில் கிழக் கரடியை இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்யக் கூட்டம் நடந்தது. கோப்பைகளெல்லாம் தன்னால் வந்தவை, யார் எதிர்க்கப்போகிறார்கள் என்று கரடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணன் நம் தெய்வம்," என்றது செயலாளர் ஓணான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "தெய்வத்தைப் போய் ஓடவிடலாமா?"

"ஓடினால்தானே!" என்றது ஒரு குரங்கு. கூட்டம் சிரித்தது.

"சரி, அண்ணன் ஆடட்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்."

கரடி பந்து போடப் பழக்கிய குரங்குகள் எல்லாம் தரையைப் பார்த்தன. தன் ஓட்டாவது தனக்கு விழட்டும் என்று கரடி பல்லைக் கடித்துக் கையைத் தூக்கியது. கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை.

"பார்த்தீர்களா, அண்ணனே நெஞ்சில் கைவைத்து ஓய்வுக்குச் சம்மதிக்கிறார்!" என்று ஓணான் பொன்னாடையை விரித்தது.