ஒரே கிளைக் கிருமி

பூர்ணிமாவின் மகள் நிலானியின் தொண்டையில் எடுத்த கிருமியின் மரபணுவை வைத்து, அது யாரிடமிருந்து வந்தது என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். சுகாதாரப் பணியாளர் ஸ்டெல்லா கொண்டுவந்த சீட்டில் இளமாறன் என்று இருந்தது. பூர்ணிமாவைப் பிரிந்து இரண்டு வருடங்களாகத் தனியே இருக்கும் கணவன்.

பூர்ணிமா மகளைப் பார்த்தாள். "அப்பாவப் பார்த்தியாடி?"

"வெள்ளிக்கிழமையானா ஸ்கூல் வாசலுக்கு வருவாரு. ஒரே குச்சி ஐஸை ரெண்டு பேரும் கடிச்சுக்குவோம்."

"என்ன பேசுவாரு?"

"அம்மாவுக்கு இன்னும் ஒத்தத் தலைவலி வருதான்னு கேப்பாரு."



"ஒரே கிளைக் கிருமி உள்ளவங்க அஞ்சு நாள் ஒரே வீட்டுல இருக்கணும்க்கா. சாரை இங்க வரச் சொல்லவா?" என்றாள் ஸ்டெல்லா.

"வரச் சொல்லும்மா."

"ஆனா கிருமி இல்லாதவங்க கூட இருக்கக் கூடாது. நீங்க உங்கம்மா வீட்டுக்குப் போயிடுங்க."

 பூர்ணிமா, மகள் குடித்து மிச்சம் வைத்த பாலை எடுத்தாள். எப்போதும் அண்ணாந்து குடிப்பவள், டம்ளரை உதட்டில் வைத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"நாளைக்கு வந்து எனக்கும் டெஸ்ட் எடும்மா. நான் எங்கயும் போகல."