பம்பரத்துக்கு ஒரு பெஞ்சு

“அவனை வெளியே அனுப்புறதா இருந்தா முதல்ல என்னைத் தாண்டித்தான் அனுப்பணும். சொல்லிட்டேன்!”

பாத்திரக்கடைக்காரி போட்ட சத்தத்தில் மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் ஒருமுறை அதிர்ந்தது. கடையில் நாலு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்டாலும் அத்தனை பேருக்கும் மேலே கேட்கப் பழகிய குரல் அது.

நேற்று வகுப்பில் நடந்த ரகளைக்காக இரண்டு வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியர். அவர் இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் முகமே இன்னும் பிடிபடவில்லை, பெற்றவர்கள் முகத்துக்கு எங்கே போவார்? ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோட்டுவிடுவோம் என்று தம்மைப் பற்றி ஒரு நினைப்பு.

அந்தப் பக்கம் ஒரு டிரைவரும் அவர் மனைவியும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இவள். எடை சுலபமாக விழுந்துவிட்டது.

“அம்மாவே இப்படின்னா பிள்ளை வேற எப்படி இருக்கும்?” என்றார் கடைக்காரியிடம். “ஒரு பொண்ணோட உதட்டைக் கிழிச்சு வெச்சிருக்கான். தையல் போட்டிருக்கு. கிளாஸ்ல ஒரு நிமிஷம் உட்காருறானா? பம்பரம்னு பேரே வெச்சுட்டாங்க!”

கடைக்காரி அவரையும் அந்தத் தம்பதியையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீங்க சும்மா இருங்கண்ணே!” கையைக் காட்டி அடக்கினாள். “சார் பேசட்டும்.”

என்ன திமிர்! தலைமையாசிரியருக்குக் காது சிவந்தது. டிரைவர் பக்கம் திரும்பியதும் குரல் தானாகக் கனிந்தது. “நீங்க மனசை விடாதீங்க. பிள்ளை இப்ப எப்படி இருக்கு?”

“ஒரு வாய் சாப்பிடலை சார். தூக்கத்துல திடுக்குனு எழுந்து எழுந்து உட்காருது.”

“கேட்டீங்களாம்மா? பெத்த வயிறு எப்படி எரியும்னு தெரியுதா?”

“தெரியாம என்ன? எனக்கும் எரியத்தான் செய்யுது. உங்க டீச்சர் தன்னோட ஷாலால அவனைப் பெஞ்சுக் காலோட சேர்த்துக் கட்டினாங்களே, அது உங்களுக்குத் தெரியுமா?”

தலைமையாசிரியர் பேனாவை மூடினார், திறந்தார். “கட்டினதுன்னு சொல்ல முடியாது. ஒரு இடத்துல உட்காரப் பழகட்டும்னு, லேசா...”

“லேசாவா? வராந்தாவுலதான் நிக்கிறான், கூப்பிட்டுக் கணுக்காலைப் பாருங்க. தடம் பதிஞ்சிருக்கு! ஆட்டைக் கட்டுறவன்கூட மேயறதுக்குக் கொஞ்சம் கயிறு விடுவான். பாவம்னு பக்கத்துப் பொண்ணு முடிச்சை அவிழ்க்கக் குனிஞ்சிருக்கு. மிரண்டுபோய்க் காலை உதறினான், பட்டுடுச்சு. இதுல குத்தம் உதறின காலோடதா, கட்டின கையோடதா?”

“பையன் நல்லாத்தான் கதை சொல்லி அனுப்பியிருக்கான்.”

“அவனா? அவன் வாயே திறக்கலை சார்.”

“கவனக்குறைவுக் கோளாறுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததை நானும் பார்த்தேன். அதுக்காகப் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கச் சொல்றீங்களா?”

“நான் குக்கர் விக்கிறவ. ஆவி போற வழியை அடைச்சா அது வெடிக்கும். வெடிச்சப்புறம் குக்கருக்கு ஒழுக்கம் பத்தலைன்னு அடுப்படியை விட்டுத் துரத்துவீங்களா? போர்டை அழிக்கச் சொல்லுங்க, சாக்பீஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நாலு தடவை எழுந்து நடந்தா அஞ்சாவது தடவை தானா உட்காருவான். இதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு, அறிவு போதாதா?”

“வார்த்தையை அளந்து பேசுங்கம்மா! சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க.”

“ரெண்டு ஸ்கூல்ல ஏற்கெனவே துரத்தியாச்சு. மூணாவதா நீங்களும் துரத்தினா அந்தப் பிள்ளை எங்கே போகும், ரோட்டுக்கா?”

டிரைவரின் மனைவி விம்மிவிட்டாள். தலைமையாசிரியர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“சரி, ஒரு மாசம் வீட்டுல இருக்கட்டும்.”

“முடியாது.”

“ஒரு வாரம். இதுக்குமேல கேட்காதீங்க.”

“ஒரு வேளைகூடக் கிடையாது. இப்பவே முதல் பெஞ்சுல, கட்டு இல்லாம.”

மேசையில் ஓங்கித் தட்டினார். தண்ணீர் தளும்பிக் காகிதங்களை நனைத்தது. “இதென்ன சந்தையா? அடிபட்ட பொண்ணோட பெத்தவங்க இங்கேயே உட்கார்ந்திருக்காங்க. எங்களுக்குப் புகார் இல்லைன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை வரட்டும். உங்க பம்பரத்தை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப்போய் முதல் பெஞ்சுல உட்கார வைக்கிறேன்!”

“டீச்சர் இனிமே கட்ட மாட்டாங்களே?”

“அதுக்கும் நான் பொறுப்பு.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“நான் சொன்னா சொன்னதுதான்.” வழக்கு முடிந்த நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, டிரைவரின் மனைவியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க.”

அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்துவிட்டு, கடைக்காரியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“அவங்களை ஏன் சார் கேட்கிறீங்க? அவங்க பம்பரத்தைப் பெத்தவங்க. கிழிஞ்ச உதட்டைப் பெத்தவ நான்தான்; எனக்குப் புகார் இல்லை.”