பரணில் இருந்தவர்

"அரசியல் படிச்ச பொண்ணுக்கு ஆராய்ச்சி பண்ண வேற விஷயமே கிடைக்கலையா?" சிரித்தபடி டீயை நீட்டினார் பெரியவர். உளவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"குடும்பத்துக்குள்ளேயே துப்புக் கொடுக்க எப்படி ஆள் பிடிச்சீங்க? அதுதான் சார் என் தலைப்பு."

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு அவள் இதில் இறங்கியதற்கு, வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அரசாங்கத்துக்கு எதிராக நோட்டீஸ் அச்சடித்த அப்பா வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். வந்தவர்கள் வேறெங்கும் தேடவில்லை, நேரே பரணில் ஏறினார்கள். அப்பா திரும்பவே இல்லை. காட்டிக்கொடுத்தது தன் தம்பிதான் என்று நம்பி, அம்மா சாகும்வரை அவர் முகத்தில் விழிக்கவில்லை. அந்த மாமா இப்போது ஆஸ்பத்திரியில், இன்றோ நாளையோ என்று கிடக்கிறார். போய்ப் பார்ப்பதா, வேண்டாமா? பெரியவர் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

அறை சில்லென்று கிடந்தது. சுவர் முழுக்கப் பிள்ளைகள் கிறுக்கிய படங்கள், ஒவ்வொன்றும் கண்ணாடிச் சட்டம் போட்டு.

"பேரப் பசங்க வரைஞ்சதா சார்?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைம்மா."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். யோசனையில் இருந்தால் அவள் கை சும்மா இருக்காது. பேனா தன் பாட்டுக்கு நோட்டின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு அச்சகக்காரர். பரண்ல வெச்சுப் பிடிச்சீங்க. சொன்னது அவரோட மச்சினன்தானே?"

"அவனா? அடிச்சு நொறுக்கினோம். வாயைத் திறக்கணுமே! கல்லுளிமங்கன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, எத்தனை வருஷம் அந்த மனிதரைக் கரித்துக்கொட்டினோம்! இப்படியே ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அப்போ யார் சார் சொன்னது?"

"பெரியவங்க பொய் சொல்லுவாங்கம்மா. அதனால நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். கையில கலர் பென்சிலைக் கொடுத்து, 'உங்க வீட்டை வரைஞ்சு காட்டு கண்ணு'ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்."

குனிந்து அவள் நோட்டையே பார்த்தார். பிறகு எழுந்துபோய், சுவரில் இருந்து ஒரு படத்தைக் கழற்றி வந்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெட்டி மாதிரி ஒரு வீடு. பரணில் சிரித்தபடி ஒரு ஆள். கூரைக்கு மேலே, மீசை வைத்த சூரியன்.

அவள் நோட்டின் ஓரத்திலும், மை காயாமல், அதே மீசையோடு ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது.