சண்டை போடாத மீன்

"வாயை மூடிடும்மா. போற நேரத்துல அது ஒரு துள்ளுகூடத் துள்ளல. நிம்மதியா இருக்கற மாதிரியே வெச்சிடு."

சொல்லிவிட்டுப் பெரியவர் மேஜைமேல் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலற்ற வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கைப்பையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மேஜைமேல் கிடந்தது ஒரு கெண்டை மீன்.

செத்த மீனைப் பாடம் செய்து, உயிரோடு இருப்பதுபோல் பலகையில் பொருத்திக் கொடுப்பது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்ணின் பிழைப்பு. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. மருந்து நெடியில் சாப்பாடும் சரியாக இறங்குவதில்லை.

அதையெல்லாம்விட அலுப்பு, மீன் பிடித்தவர்களின் வீரப்பிரதாபம்தான். எல்லோருக்கும் மீன் வாயைப் பிளந்து, செவுளை விரித்து, உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனை பேரும் மல்லுக்கட்டித்தான் பிடித்தார்களாம். கடைச் சுவர் முழுக்க அப்படி ஓயாமல் செத்துக்கொண்டே இருக்கும் மீன்கள்.

வாயை மூடச் சொன்ன முதல் ஆள் இவர்தான். மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு, மீனைப் புரட்டிப் பார்க்கும்வரை.

செவுளுக்குப் பின்னால் செதிலில் வலை அறுத்த கோடு. ஒரு பக்க வயிறு ஐஸில் கிடந்து தட்டையாகியிருந்தது. சந்தேகமே இல்லை, கடை மீன்.

"எப்படிங்கய்யா மாட்டுச்சு?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து தூண்டில் போடறவன்மா நான். கை விழுந்தப்புறம் இதான் முதல் மீன். ஏரிக்கரையில நாற்காலி போட்டு உக்காந்தவன் அப்படியே அசந்துட்டேன். இவ டீ எடுத்துட்டு வந்து எழுப்பறா, பார்த்தா தூண்டில் வளைஞ்சு கிடக்கு!"

"இழுத்தப்போ முரண்டு பிடிக்கலையா?"

"அதான் இல்லை. ஒத்தைக் கையால சுத்தினேன், பூனைக்குட்டி மாதிரி கூடவே வருது. ஆழத்துல தண்ணி அவ்வளவு குளிர் போல, தொட்டா ஐஸ்கட்டியாட்டம் ஜில்லுங்குது. கொக்கியை இவதான் கழட்டினா. எனக்குக் கண்ணும் மங்கிப்போச்சே."

"ஏரித் தண்ணி குளிராம பின்னே கொதிக்குமா?" என்றார் மனைவி.

மீனின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். தானாகக் கவ்வுகிற மீனுக்குக் கொக்கி வாய்க்குள்ளிருந்து வெளியே குத்தி வரும். இதில் வெளியிலிருந்து உள்ளே போயிருந்தது. ஓட்டையைச் சுற்றி ஒரு சொட்டு ரத்தக்கறைகூட இல்லை.

பெண்டாட்டி வருகிற நேரம் பார்த்துக் கடை மீனைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தூங்குவதுபோல் நடித்திருக்கிறார் மனிதர். ஒற்றைக் கை தடுமாறியிருக்கும். பொய்யையாவது உருப்படியாகச் சொல்லக் கூடாதா என்று சலித்துக்கொண்டே அளவெடுக்கும் நாடாவைத் தேடினாள்.

"அப்போ நேரா நீட்டி வெச்சிடவாய்யா?"

"ஐயையோ, நேரா வெச்சா அது மீனா, கட்டையா? சும்மா நிக்கற மீனுக்கும் வால் ஒரு ஓரமா ஒதுங்கித்தான் இருக்கும். துடுப்பு பாதி விரிஞ்சு, பாதி மடங்கி... இதோ பாரு, இப்படி." இடது கையை வளைத்துக் காட்டினார். அந்தக் கை ஒரு கணம் நிஜமாகவே மீனாகித் தண்ணீரில் நின்றது.

"பார்த்தியாம்மா?" மனைவி இவள் பக்கம் திரும்பினார். "கை விழுந்த நாள்லேருந்து சுவத்தைப் பார்த்து உக்காந்திருந்த மனுஷன். சோறு வேணுமான்னு கேட்டாகூடப் பதில் வராது. நேத்துலேருந்து வீட்டுல நான்தான் காதைப் பொத்திக்கிட்டு இருக்கேன்."

"பேசலேன்னா அழுவா. பேசினா காதைப் பொத்துவா," என்று சிரித்தார் பெரியவர். பிறகு விரலை நீட்டினார். "அந்தக் கொக்கி ஓட்டையை மட்டும் அடைச்சிடாதே. அந்தப் பக்கம்தான் வெளியில தெரியணும். கடையில வாங்கினதுதானேன்னு ஒரு பய கேட்டுடக் கூடாது பாரு!"

உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணவரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். இத்தனை நாள் கழித்துப் புருஷனின் சிரிப்பைப் பார்க்கிறவரிடம், அவர் பொய் சொல்கிறார் என்று எந்த வாயால் சொல்வது?

"சரிங்கய்யா. நீங்க சொன்னபடியே செஞ்சிடறேன்," என்றாள்.

வண்டி பிடிக்கிறேன் என்று பெரியவர் தடியை ஊன்றி வெளியே போனார். மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. கதவு சாத்தும்வரை காத்திருந்து, மேஜைப் பக்கம் குனிந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. அந்த ஓட்டையை நல்லாப் பார்த்தியா?"

ஐயாவின் பொய்யை அம்மாள் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. "பார்த்தேம்மா. ஐயா பிடிச்ச ஏரி மீனேதான், சந்தேகமே வேண்டாம்," என்று அவசரமாகப் புளுகினாள்.

அந்த அம்மாள் களைப்பாகச் சிரித்தார். "அடுத்த வாரம் அவருக்குப் புதுக் கண்ணாடி வந்துடும். அதுக்குள்ள அதைக் கொஞ்சம் உள்ளேயிருந்து குத்தின மாதிரி மாத்திடும்மா."

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முழிச்சிடப் போறாரேங்கற பதட்டத்துல, கொக்கியை வெளியிலேருந்து குத்திட்டேன்."