தருமவிடுதியின் சுவர்

1985 மார்கழியில் புனிதவதியையும் நடேசலிங்கத்தையும் கைக்குழந்தையோடு ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தருமவிடுதியில் தங்கவைத்தார்கள். முந்நூறு வருசத்துக்கு முன், துணி வியாபாரி ஒருவரின் விதவை, போக்கிடமில்லாத முதியவர்களுக்காகக் கட்டிய வீடு அது. எத்தனையோ போர்களைத் தாண்டி நின்றது. இப்போது அதில் அகதிகள் இருந்தார்கள்.

வந்த கிழமையே அறைகளைச் சூடாக்கும் ஹீற்றிங் பழுதாகிவிட்டது. குழந்தையின் விரல்கள் குளிரில் நீலம் பாரித்தன. அதை அணைத்தபடி சுவரில் சாய்ந்த புனிதவதி திடுக்கிட்டாள்.

"இஞ்சை தொட்டுப் பாருங்கோ. சுவர் சுடுது."

நடேசலிங்கம் தொட்டான். "ஓம், உண்மைதான்."

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கியது.

விடுதியைப் பார்த்துக்கொண்ட ஹெல்கா வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நடேசலிங்கத்துக்குப் புரியும்படி மெதுவாக ஜெர்மனில் சொன்னார்: "இதற்குப் பின்னால்தான் முதியவர்களின் அடுப்பு இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே இடித்துவிட்டார்கள்."

கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள், குழந்தை இருக்கும் அறை என்பதால் அவர்களுக்கு மட்டும் ஒரு மின்சார ஹீற்றர் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் சுவர் குளிர்ந்துவிட்டது.

"எங்களுக்கு இனித் தேவையில்லை எண்டு தெரிஞ்சிட்டுதோ?" என்றாள் புனிதவதி.

அப்போது பக்கத்து அறையில் தனியாக இருமிக்கொண்டு கிடந்த சின்னத்தம்பி ஐயா கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா வாரும்."

போனாள். அவர் போர்வையை விலக்கிவிட்டு, தன் அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.