காதுக்குள் ஓடும் தறி

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

கடைசித் தோப்புக்கரணத்தைப் போட்டு எழுந்தபோது மிக்கேலின் காதுக்குள் மில் முழுசும் ஓடியது.

ஏழு வருஷம் தறிக்கொட்டகையில் நின்ற காது. சங்கு ஊதி வெளியே வந்தாலும் தறிகள் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். சும்மா இருந்தால் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். பாரம் தூக்கினால், மூச்சு வாங்கினால், நூறு தறியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் டாக்டர் வெள்ளைக்காரர். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மிக்கேல் இடுப்புத் துணியோடு திரும்பி நின்றான். வேர்வை முதுகில் வழிந்தது.

தேறினால் சொல்தா, பட்டாளத்துச் சிப்பாய். பூட்ஸ், சம்பளம், வயசானால் பென்சன். தவறினால் திங்கட்கிழமை அதே கொட்டகை, அதே தறி. இன்னும் ஏழு வருஷம் போனால் காதென்று ஒன்று முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

கழுத்தில் மூச்சுக்காற்று பட்டது. பின்னால் நின்று டாக்டர் ஏதோ கிசுகிசுத்திருக்க வேண்டும். காதில் விழுந்ததெல்லாம் தறிதான்.

“த்ராந்த் த்ருவா!”

கத்தியேவிட்டான். முப்பத்துமூன்று. நெஞ்சில் குழாய் வைக்கும்போது பிரெஞ்சு டாக்டர்கள் நோயாளியைச் சொல்லச் சொல்கிற எண். காதுச் சோதனைக்கும் அதையேதான் டாக்டர் சொல்வார் என்று நேற்று மாலையே யூஜின் சொல்லிக்கொடுத்திருந்தான். “அந்த மனுசனுக்கு வேற நம்பரே தெரியாது மாப்ள.” யூஜின் அங்கே மொழிபெயர்ப்பாளன். மிக்கேலின் பெண்டாட்டி லூர்துசெல்விக்கு அண்ணன்.

“போன்,” என்றார் டாக்டர். நல்லது என்று அர்த்தம்.

மிக்கேலுக்கு உயிர் வந்தது.

டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். திடீரென்று அவர் முகம் சுருங்கியது. ஒரு காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு, பல்லிடுக்கில் ‘ஸீ…’ என்று சத்தம் விட்டார். தலையை உதறினார். பிறகு மிக்கேலின் காதைச் சுட்டிக்காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

உனக்குமா?



லூர்துசெல்வி பிரமை என்றாள். சாமியார் செபம் பண்ணச் சொன்னார். மேஸ்திரி வேலைக்கள்ளன் என்றான். இந்தச் சத்தத்தைத் தானும் கேட்கிறேன் என்று சொல்ல ஏழு வருஷத்தில் ஒரு மனுஷன் இல்லை.

யூஜின் வாயைத் திறப்பதற்குள் மிக்கேல் கொட்டிவிட்டான்.

“ஆமாங்க தொர! ராவும் பகலும் கொய்ன்னு ஓடுதுங்க. குந்தி எழுந்தா தலையே பொளக்குது. வீராம்பட்டினம் வரைக்கும் மெதுவா நடந்தா கொஞ்சம் அடங்குது. நீங்களும் நடந்து பாருங்க தொர!”

மொழிபெயர்க்க ஒன்றும் பாக்கி இல்லை. அவன் தலை ஆடிய ஆட்டமே போதும். டாக்டர் சிரித்த முகத்தோடு தாளில் ஒரு வரி எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வராந்தாவில் சட்டையை மாட்டிக்கொண்டே மிக்கேல் சொன்னான்: “பாவம் மச்சான். அவருக்கும் இருக்குது.”

யூஜின் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவருக்கு ஒண்ணுமில்ல மாப்ள. காலைலேர்ந்து மில்லுக்காரன் நாலு பேரு வந்தான். நாலு பேருக்கும் இப்படியேதான் காதைப் பொத்திக் காட்டுனாரு.”